அந்த வயலுக்கு என்ன பெயர்?

அந்த அம்மா கேட்டது ஒன்றும் கடினமான கேள்வியில்லை. பிரான்சின் பர்கண்டி பகுதியில், மெர்சோ என்ற ஊரைத் தாண்டி ப்யூலினிக்குப் போகிற தோட்டப் பாதையில், சைக்கிளை ஒரு கல்சுவரில் சாய்த்துவிட்டு நின்றிருந்தேன். கொடிகளுக்கு நடுவே குனிந்து வேலை செய்துகொண்டிருந்தவர் இடுப்பைப் பிடித்தபடி நிமிர்ந்தார். எந்த ஊர், வீட்டில் நிலம் உண்டா, என்ன விளையும் என்று விசாரித்தார். தஞ்சாவூர்ப் பக்கம், நெல் என்றேன். "சரி, உங்கள் வயல்களுக்கு என்ன பெயர்?" என்றார். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அது மே மாதம். அந்தக் கேள்வியை மெர்சோவிலேயே விட்டுவிட்டு வர என்னால் முடியவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

லியோனில் வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு வடக்கே போன் (Beaune) என்ற நகரத்தில் இறங்கி, அங்கிருந்து தெற்கே நான்கு நாள் மிதித்து மாக்கோனில் மறுபடி ரயில் பிடிப்பது என்பதுதான் திட்டம். அலுவலகத்தில் சொன்னபோது எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: நீ வைன் குடிப்பதில்லையே, உனக்கு அங்கே என்ன வேலை? இந்தக் கேள்வி எனக்குப் பிடிப்பதில்லை. காவிரிக்கரையில் பச்சை வயல் நடுவே நடக்க ஆசைப்படுகிறவரிடம் நீ சோறு அதிகம் சாப்பிடமாட்டாயே என்று யாரும் கேட்பதில்லை. திராட்சைத் தோட்டம் முதலில் ஒரு விவசாய நிலம். குடிப்பது அதற்கு எத்தனையோ மாதம் கழித்து, வேறெங்கோ ஒரு மேசையில் நடக்கிற காரியம். போதாததற்கு, கார் ஓட்டுகிறவர்களுக்குப் போலவே சைக்கிள் ஓட்டுகிறவருக்கும் ரத்தத்தில் லிட்டருக்கு அரை கிராம் என்ற மது வரம்பு அங்கே சட்டத்தில் உண்டு. ஒவ்வொரு ஊரிலும் ருசி பார்த்துக்கொண்டே போவேன் என்று கிளம்புகிறவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

போன் நகரத்தில் எல்லோரும் பார்ப்பது ஓத்தெல்-தியூ என்ற பழைய தர்ம ஆஸ்பத்திரியை. 1443-ல் பர்கண்டி கோமகனின் முதன்மை அமைச்சர் நிக்கோலா ரோலான் கட்டத் தொடங்கியது. மஞ்சள், சிவப்பு, பச்சை, பழுப்பு என மெருகேற்றிய ஓடுகள் பாய் பின்னியதுபோல் அதன் கூரையில் மின்னும். 1971 வரை அந்தக் கட்டடத்தில் நோயாளிகள் படுத்திருந்தார்கள். காலங்காலமாகப் பலர் எழுதிவைத்த தோட்டங்கள் இன்றும் அந்த ஆஸ்பத்திரிக்குச் சொந்தம். 1859 முதல் நவம்பரில் அதன் வைனை ஏலம் விடுகிறார்கள், வருகிற பணம் வைத்தியத்துக்குப் போகிறது. கோயிலுக்கு நிலம் எழுதிவைக்கும் ஊரில் பிறந்த எனக்கு இதை யாரும் விளக்கவேண்டி இருக்கவில்லை.

காலுக்குத் தெரிகிற தரம்

போன் நகரத்திலிருந்து சான்தனே வரை சுமார் 22 கிலோமீட்டருக்குத் தோட்டங்களின் நடுவே ஒரு சைக்கிள் பாதை போகிறது. 'வுவா தே வீஞ்', கொடிகளின் பாதை. சைக்கிளுக்கென்று புதிதாக வெட்டிய சாலை இல்லை, டிராக்டர் போகிற வயல்வழிதான். டிராக்டரும் நாம் அறிந்த டிராக்டர் இல்லை. கொடிவரிசையைக் கால்களுக்கு நடுவே விட்டுக்கொண்டு நடக்கும் நெட்டைக்கால் வண்டி. ஒரு மீட்டருக்கு ஒரு வரிசை, வரிசையில் ஒரு மீட்டருக்கு ஒரு செடி, ஆக ஹெக்டேருக்குப் பத்தாயிரம் செடி என்று நெருக்கி நட்டிருக்கும் இடத்தில் வேறெந்த வண்டியும் நுழையாது. எதிரே அது வந்தால் நாம் இறங்கி ஒதுங்கிக்கொள்ள வேண்டும். வயல் அவர்களுடையது, அதுதான் முறை.

இந்த நிலத்தின் மேல்கீழ் என் மூளைக்கு எட்டுவதற்கு முன் தொடைக்கு எட்டிவிட்டது. கிழக்கே சமவெளியில் பெரிய சாலை. அதற்குக் கீழே இருக்கிற தோட்டங்களின் வைனுக்குப் பொதுவாக 'பர்கண்டி' என்ற பெயர் மட்டும்தான். சாலையைக் கடந்து மேற்கே ஏறத் தொடங்கினால் ஊர்ப்பெயர் போட்ட வைன். இன்னும் கொஞ்சம் ஏறினால் அதற்கு அடுத்த தரம், 'பிரிமியே க்ரூ'. சரிவின் இடுப்பில், காலைவெயில் நேராக விழுந்து மழைநீர் நிற்காமல் வடியும் இடத்தில், எல்லாவற்றிலும் உயர்ந்த தரமான 'கிராண் க்ரூ'. அதற்கும் மேலே மண் மெலிந்து பாறை எட்டிப்பார்க்கும் இடத்தில் தரம் மறுபடி இறங்கி, அப்புறம் காடு. சைக்கிளில் இது எல்லாமே கியர் கணக்குதான். பெரிய பல்சக்கரத்தில் சுகமாக மிதிக்க முடிந்தால் சாதாரண வைன். மூச்சு வாங்க ஆரம்பித்தால் விலை ஏறுகிறது என்று அர்த்தம். இறங்கித் தள்ளவேண்டி வந்தால் விலையுயர்ந்த நிலத்தைத் தாண்டிவிட்டோம்.

ப்யூலினிக்கும் ஷசாஞ்சுக்கும் நடுவில் மோன்ராஷே என்ற ஒரு தோட்டம் இருக்கிறது. உலகத்தின் மிக விலையுயர்ந்த வெள்ளை வைன்களில் ஒன்று அங்கிருந்து வருகிறது. மொத்தம் சுமார் 8 ஹெக்டேர், அவ்வளவுதான். அதன் கல்சுவரை ஒட்டி ஒரு குறுகிய பாதை, பாதைக்குக் கீழே பத்தார்-மோன்ராஷே, மோன்ராஷேக்கு மேலே ஷெவாலியே-மோன்ராஷே. எல்லாமே உயர்ந்த தரம்தான் என்றாலும் பாதையின் அகலத்தில் பெயர் மாறுகிறது, விலையும் மாறுகிறது. இந்தச் சரிவில் கிராண் க்ரூ நிலம் ஹெக்டேர் சராசரியாக 60 லட்சம் யூரோவுக்கு மேல் போகிறது. கீழே சமவெளியில் அதே அளவு நிலம் பல பத்து மடங்கு குறைவு. இரண்டையும் பிரிப்பது சைக்கிளில் ஐந்து நிமிட ஏற்றம்.

அந்தச் சுவருக்குமுன் நின்றபோது என் மனதில் ஓடியது வைன் இல்லை, தாசில்தார் அலுவலகத்தின் 'அ' பதிவேடு. அதிலும் ஒவ்வொரு புலத்துக்கும் மண் தரம் என்று ஒரு எண் உண்டு. வரப்புக்கு இந்தப்பக்கம் ஒரு தரம், அந்தப்பக்கம் வேறொரு தரம். தீர்வை போடுவதற்காக வைத்த எண். இங்கே அந்த எண்ணுக்குப் பதில் பெயர் நிற்கிறது, அந்தப் பெயரைக் கல்லில் வெட்டி வாசலில் பதித்திருக்கிறார்கள்.

பெயர்களைப் பொறுக்கிக்கொண்டு போன காலை

பர்கண்டியில் இப்படிப் பெயரும் எல்லையும் உள்ள தோட்டத் துண்டை 'க்ளிமா' என்கிறார்கள். 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது கணக்கில் வந்தவை 1,247. இரண்டாம் நாள் காலையில் எனக்கு அதுவே வேலையாகிவிட்டது. கொஞ்சம் மிதிப்பது, கல்லில் பெயரைப் பார்த்தால் நிறுத்துவது, நோட்டில் எழுதிக்கொள்வது, அலைபேசியில் அகராதியைத் தட்டி அர்த்தம் தேடுவது. பெர்ரியேர் என்றால் கல்லுடைத்த இடம். ஜெனெவ்ரியேர், ஜூனிபர் புதர் மண்டிய இடம். கையெரே, கூழாங்கல். ருஜியன், செம்மண். குத் தோர், பொன்துளி. தான் து ஷியன், நாய்ப்பல். புனிதமான பெயரோ கவிதையான பெயரோ மிகக் குறைவு. பெரும்பாலும் அங்கே குனிந்து வேலை பார்த்தவர் கண்ணில் முதலில் பட்டது எதுவோ அதுதான் பெயர். மோன்ராஷே கூட 'மொட்டைக் குன்று'தான். எதுவும் முளைக்காத அந்த மொட்டைக் குன்றின் பெயரைத்தான் பக்கத்து இரண்டு ஊர்களும் 1879-ல் தங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டன. அன்றுமுதல் ப்யூலினி, ப்யூலினி-மோன்ராஷே ஆனது. ஷசாஞ், ஷசாஞ்-மோன்ராஷே ஆனது. நம்மூரில் அப்பா பெயரைப் பிள்ளை இனிஷியலாகப் போட்டுக்கொள்கிறது. இங்கே பிள்ளை பெயரெடுத்ததும் அப்பா அதன் பெயரை இனிஷியலாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்த அம்மாவை நான் பார்த்தது பெர்ரியேர் அருகில். மே மாதத்தில் அங்கே வேலை தேவையில்லாத துளிர்களை ஒடிப்பது. ஒவ்வொரு செடியிலும் எந்தத் துளிர் நிற்கவேண்டும், எது போகவேண்டும் என்று பார்த்து, விரலால் தட்டிவிட்டு, அடுத்த செடிக்கு நகர்கிறார்கள். முழங்கால் உயரத்துச் செடி என்பதால் நாள் முழுக்கக் குனிந்தே இருக்க வேண்டும். நடவுக்கும் களையெடுப்புக்கும் குனிகிற அதே குனிவு. ஐம்பத்தைந்து, அறுபது வயது இருக்கும். இருபது வருடத்துக்கும் மேலாக இதே முதலாளியிடம் வேலை. மாதச் சம்பளம் இல்லை, பரப்புக்கு இவ்வளவு என்று பேசி எடுத்துச் செய்கிறவர். எவ்வளவு பரப்பு என்று கேட்டேன். ஹெக்டேரில் சொல்லவில்லை, 'ஊவ்ரே'யில் சொன்னார். ஒரு ஊவ்ரே என்பது ஒரு ஆள் ஒரு நாளில் கொத்தி முடிக்கிற நிலம். 4.28 ஆர், நம் கணக்கில் பத்தரை சென்ட். பிரெஞ்சுப் புரட்சியோடு மீட்டர் முறை வந்து இருநூறு வருடத்துக்கு மேல் ஆகியும், இந்தச் சரிவில் நிலம் வாங்குவதும் விற்பதும் கூலி பேசுவதும் இன்னும் ஊவ்ரேயில்தான். எங்கள் ஊரில் குழி, மா என்று சொல்வோம் என்றேன். மிகவும் சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தில்தான் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

எனக்குப் பெயர் எதுவும் தெரியவில்லை என்று அவருக்குப் புரிய சற்று நேரம் ஆனது. பிரெஞ்சில் கேள்வி எனக்கு விளங்கவில்லை என்று நினைத்துவிட்டார். கையால் ஒவ்வொரு துண்டாகக் காட்டினார். இது பெர்ரியேர், அது ஷார்ம், அங்கே தெரிவது ஜெனெவ்ரியேர், அதுபோல. நான் "எண் இருக்கிறது" என்றேன். புல எண், உட்பிரிவு எண். அதுகூட எனக்கு மனப்பாடமில்லை, அப்பா இறந்தபின் பட்டா மாற்றும்போது பார்த்தது. அவர் முகத்தில் ஏளனம் துளியும் இல்லை. ஒரு குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்று கேள்விப்பட்டதுபோல் பார்த்தார். "அப்படியானால் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள், இன்று எங்கே வேலை என்று?" என்றார். அப்புறம் என் பதிலுக்குக் காத்திராமல், அடுத்த செடிக்குக் குனிந்தார். அவருக்குப் பரப்பு கணக்கு.

விலையா, வாயா

அன்று மதியம் சான்தனேவைத் தாண்டி, கால்வாய்க்கரையில் ஷானி நோக்கிப் போனபோது எனக்கு நானே ஒரு பதில் தயார் செய்துகொண்டேன். இவர்களுடைய பெயர்கள் பிழைத்திருப்பது காசினால். பெயர் பாட்டிலில் ஏறுகிறது, பாட்டில் விற்கிறது, அதனால் பெயர் சாகவில்லை. நெல் மூட்டையில் வயல்பெயரை யார் எழுதப்போகிறார்கள்? கொள்முதல் நிலையத்தில் எல்லா வயல் நெல்லும் ஒரே குவியல்தானே? எங்கள் பெயர்கள் போனதற்கு யாரும் பொறுப்பில்லை, சந்தைதான் பொறுப்பு. கால்வாயில் தண்ணீர் அசையாமல் நின்றது, பாதை தட்டையாக இருந்தது, இந்தப் பதிலும் அதேபோல் சுலபமாக இருந்தது. சாத்தியமென்றால் அங்கேயே நின்றிருப்பேன்.

நான்காம் நாள் அதைக் கெடுத்தது. ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை ஒரு பழைய ரயில் தடத்தை 1997-ல் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள், 44 கிலோமீட்டர். தண்டவாளம் போன இடமென்பதால் பெரிய ஏற்றமே இல்லை. பழைய ஸ்டேஷன்கள் அப்படியே நிற்கின்றன. புசி வரை தோட்டங்கள் கூடவே வருகின்றன, அப்புறம் மெல்லக் குறைந்து மேய்ச்சல் நிலம் தொடங்குகிறது. வெள்ளை வெளேரென்ற ஷரோலே மாடுகள், வேலிக்கு வேலி. வழியில் சான்-ஜாங்கூ-ல-நாசியொனால் என்ற ஊர். அரசர்கள் இருந்தவரை அதன் பெயர் சான்-ஜாங்கூ-ல-ருவாயால். அரசர் போனபின் 'ராஜ' போய் 'தேசிய' வந்துவிட்டது. ஊர்ப்பெயரை மேலிருந்து மாற்ற முடியும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே, ஸ்டேஷன் நிழலில் உட்கார்ந்து, அலைபேசியில் அரசாங்கத்தின் நில வரைபடத்தைத் திறந்து, சுற்றியுள்ள மேய்ச்சல் நிலங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது. மாடு மேய்கிற வெறும் புல்வெளிக்கும், ஓடையோரத்து மூலைத் துண்டுக்கும். பெரிய புல்வெளி, நீளத் துண்டு, ஆலைக்குக் கீழே என்ற வகைப் பெயர்கள். எந்தப் பாட்டிலிலும் ஏறாத, ஒரு சல்லிக்காசு கூடுதலாகத் தராத பெயர்கள். நெப்போலியன் காலத்தில், 1807 முதல், நாடு முழுவதும் வரிக்காக நிலம் அளந்தபோது துண்டுகளுக்கு எண் போட்டார்கள், நம் ஊரில் வெள்ளைக்காரன் செய்தது போலவே. ஆனால் எண்ணோடு கூடவே, அந்த இடத்தை ஊர்மக்கள் என்ன சொல்லிக் கூப்பிட்டார்களோ அதையும் வரைபடத்தில் எழுதிவைத்தார்கள். வரி வாங்க வந்தவனுக்கு எண் போதும். அங்கே மாடு ஓட்டுகிறவனுக்குப் பெயர் வேண்டும். ஒரு தாளில் இரண்டுக்கும் இடம் இருந்திருக்கிறது. என்னிடம் இருக்கிற பட்டாவில் புல எண் இருக்கிறது, உட்பிரிவு இருக்கிறது, பரப்பு இருக்கிறது, தீர்வை இருக்கிறது. பெயருக்கு ஒரு கட்டம் இல்லை. இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

க்ளூனியில் அந்தக் கோபத்தோடுதான் இறங்கினேன். 910-ல் தொடங்கிய மடம். ரோமில் இன்றுள்ள புனித பேதுரு ஆலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய தேவாலயம் இங்கேதான் இருந்தது, நீளம் 187 மீட்டர். புரட்சிக்குப் பின் 1798-ல் விற்றார்கள். வாங்கியவர்கள் கல்லுக்காக இடித்து இடித்து விற்றார்கள். இன்று மிஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்கும் இல்லை. எண்கோணக் கோபுரம் ஒன்று தனியாக நிற்கிறது. அதற்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், இதுபோல இன்னும் எத்தனை நின்றிருக்கும் என்று கழுத்துதான் வலிக்கிறது. அவ்வளவு பெரிய கல்கட்டடத்தைச் சில பத்து வருடங்களில் காணாமல் செய்ய முடிந்திருக்கிறது. இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு புல்வெளியின் பெயரை மட்டும் யாராலும் இடிக்க முடியவில்லை.

க்ளூனிக்குத் தெற்கே புவா க்ளேர் என்ற பழைய ரயில் சுரங்கம். 1.6 கிலோமீட்டர். குளிர்காலத்தில் வௌவால்களுக்காக மூடிவிடுவார்கள், மே மாதத்தில் திறந்திருக்கும். வெளியே நல்ல வெயில், உள்ளே நுழைந்ததும் வியர்வை முதுகிலேயே உறைகிறது. எங்கோ நீர் சொட்டுகிற சத்தமும் என் சக்கரத்தின் சத்தமும் தவிர வேறொன்றும் இல்லை. அந்த இருட்டில் அந்த அம்மாவின் இரண்டாவது கேள்வி திரும்பி வந்தது. வீட்டில் எப்படிச் சொல்வீர்கள், இன்று எங்கே வேலை என்று? அவருக்கு அந்தச் சரிவில் ஒரு ஊவ்ரேகூடச் சொந்தமில்லை. அவர் துளிர் ஒடிக்கிற தோட்டத்து வைன் அவர் வீட்டு மேசைக்கு வராது. ஆனால் எல்லைக்கல் எது, எந்த மூலையில் ஈரம் நிற்கும், எந்தத் துண்டுக்கு என்ன பெயர் என்று பார்க்காமலே அவரால் சொல்ல முடியும். பெயரை வைத்திருந்தது பாட்டில் மட்டும் இல்லை. காலையில் வேலைக்குப் போகும்போது அதைச் சொல்ல வேண்டியிருந்தவர்களின் வாய்.

மாக்கோன் ஸ்டேஷனில் ரயிலுக்கு நாற்பது நிமிடம் இருந்தது. பெரியப்பாவைக் கூப்பிட்டேன். "என்னம்மா, அங்க குளிரா?" என்று ஆரம்பித்தவரிடம் நம் வயல்களுக்குப் பெயர் இருந்ததா என்று கேட்டேன்.

"இல்லாமப் போகுமா? நாலுமா. ஆலடி. கோயில் பத்து. அப்புறம் ரோட்டுக்குக் கீழ ஒண்ணு கெடக்கே, அது..." நின்றுவிட்டார். "நாக்குலயே இருக்கு, வரமாட்டேங்குது. அதெல்லாம் நடவு ஆளுங்கதான் சொல்லுவாங்க. நம்ம வீட்டுல யாரும்மா வயல்ல எறங்குனோம்? வரப்புல நின்னு பாத்தோம், அவ்வளவுதான்."

நடவுக்கு ஆள் கூட்டிவரும் அக்கா இப்போது ஊரில் இல்லை, மகனோடு திருப்பூரில் இருக்கிறார். எண் தேடிக் கிடைக்க ஒரு வாரம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை லியோனிலிருந்து கூப்பிட்டேன். யாரென்று சொல்லிப் புரியவைத்து, கேட்கவந்ததைக் கேட்டேன். இதற்காகவா அங்கிருந்து கூப்பிட்டாய் என்று அவர் கேட்கவில்லை. "எழுதிக்கிறியா பாப்பா? வடக்கு மதகுலேர்ந்து வரேன்" என்றார். வாய்க்காலோடு நடந்து வருவதுபோலவே சொன்னார். மதகடி, அதையொட்டி ஆலடி, ஆலடிக்குக் கெழக்கால நாலுமா, நாலுமாவுக்கு உள்ள ரெண்டு துண்டு, அதுல மேட்டுத் துண்டுக்கு ஒரு பேரு, பள்ளத்துக்கு ஒரு பேரு. ரோட்டுக்குக் கீழே இருந்தது உளுவைப்பள்ளம். அறுப்பு முடிந்தும் அங்கே தண்ணீர் வற்றாதாம், பிள்ளைகள் இறங்கி உளுவை பிடிப்பார்களாம்.

பட்டாவில் எங்களுக்கு 4 புல எண்கள். அக்கா சொன்னது 11 பெயர். எழுதி முடித்து நான் திரும்ப வாசித்துக் காட்டினேன். ஒன்றை மட்டும் திருத்தினார். "இன்னொண்ணு இருக்கு பாப்பா, கருவமரத்துப் பக்கத்துல. நெனப்பு வந்தா நானே கூப்புடுறேன்" என்றார்.